லட்சுமி, லெட்சுமி, இலக்குமி, லெச்சுமி: அப்பத்தா பெயரை எப்படி எழுதுவது?

பூங்கொடி_புதுகை

வணக்கம். எனக்கு மகள் பிறந்து 18 நாள் ஆகிறது. அப்பத்தா பெயரைத்தான் வைப்பது என்று அவள் வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டோம். பெயரில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எழுத்தில்தான் சிக்கல்.

அப்பத்தாவின் காகிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ரேஷன் கார்டில் லட்சுமி. நிலப் பத்திரத்தில் இலட்சுமி அம்மாள். வாக்காளர் அட்டையில் லெட்சுமி. எங்கள் அப்பாவின் கல்யாணப் பத்திரிகையில் லக்ஷ்மி. அப்பத்தா தன் கையால் போட்ட கையெழுத்து மட்டும் இதில் எதிலும் சேராது. அவர் எழுதியது லெச்சுமி.

அப்பத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஐம்பது வயதுக்கு மேல் எழுதக் கற்றுக்கொண்டவர். அதனால் அது எழுத்துப் பிழை, லட்சுமி என்றே பதிவு செய் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் இத்தனை வடிவம், இதில் எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்

முதலில் குழந்தைக்கு வாழ்த்துகள் தங்கச்சி. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். என் பெரியம்மா காகிதத்தில் லட்சுமியம்மாள், ஊருக்கு லச்சம்மா. லச்சி, லச்சிமி என்றும் கூப்பிடுவார்கள். ஆக "ச்ச" உங்கள் அப்பத்தாவிடம் மட்டும் இருக்கும் ஒலி இல்லை. மூலம் பற்றி பழஞ்சுவடி ஐயா வந்து சொல்லட்டும்.

பழஞ்சுவடி

பேத்திக்கு என் ஆசிகள் அம்மா. 31 வருஷம் பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு லட்சுமி என்னிடம் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் வேர் வடமொழியில் "லக்ஷ்". பார், கவனி, குறி வை என்ற பொருள்கள் அதற்கு உண்டு. அதிலிருந்து வந்த லக்ஷ்மீ என்றால் முதலில் வெறும் அடையாளம், குறி. செல்வத்தின் தேவி என்ற பொருள் பிற்பாடு வந்தது. ரிக் வேதத்தில் 10ஆம் மண்டலத்தின் 71ஆம் பாடலில் இந்தச் சொல் வருகிறது. அங்கே தேவியும் இல்லை, பொன்னும் இல்லை. மாவைச் சல்லடையில் சலிப்பதுபோல் அறிவுடையவர்கள் மனத்தால் சொல்லைச் சலித்து எடுத்தார்கள், அவர்களுடைய பேச்சில் நல்ல லக்ஷ்மீ பதிந்திருக்கிறது என்கிறது அந்தப் பாடல். நல்ல முத்திரை என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

"நல்ல" என்று அடைமொழி போட வேண்டியிருந்தது பாருங்கள், அதற்குக் காரணம் உண்டு. கெட்ட லக்ஷ்மீயும் அப்போது இருந்தாள். அதர்வ வேதத்தின் 7ஆம் காண்டத்தில் ஒரு பாடல், மனிதன் பிறக்கும்போது உடம்போடு 101 லக்ஷ்மீகள் பிறக்கின்றன, அவற்றில் தீயவை போகட்டும், நல்லவை தங்கட்டும் என்று வேண்டுகிறது. நல்ல குறி, கெட்ட குறி என்று இருந்த சொல்லில் கெட்டது காலப்போக்கில் உதிர்ந்து நல்லது மட்டும் நின்றது. ஸ்ரீ, லக்ஷ்மீ என்பவர்களும் முதலில் வேறு வேறு ஆள்தான். யஜுர் வேதத்துப் புருஷ சூக்தத்தின் முடிவில் இருவரையும் இரண்டு மனைவியர் என்று சேர்த்துச் சொல்கிறது. பிறகுதான் இருவரும் ஒருத்தி ஆனார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். வடசொல் தமிழுக்குள் வரும்போது எழுத்து எப்படி மாறும் என்பதை 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூல் என்ற இலக்கண நூலில் வகுத்துவிட்டார். அதன் பதவியல் என்ற பகுதியின் கடைசியில் இருக்கிறது. லக்ஷ்மீ என்பதை அந்த விதிகளில் போட்டுப் பாருங்கள்.

லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. முன்னால் இகரமோ உகரமோ சேரும். லாபம் இலாபம் ஆனதும், லோகம் உலோகம் ஆகி ராஜராஜ சோழனின் அரசியை உலோகமாதேவி என்று எழுதுவதும் அப்படித்தான். எனவே "இல". அடுத்து க்ஷ. அதற்கு இரண்டு ககரம் வரும் என்கிறார். தக்ஷன் தக்கன், யக்ஷன் இயக்கன். எனவே "இலக்க்". அடுத்து மகரம் இன்னொரு மெய்யோடு ஒட்டி வந்தால் நடுவில் உகரம் தோன்றும், பத்மம் பதுமம் ஆனதுபோல. கடைசியில் ஈகாரம் இகரமாகக் குறுகும், குமாரீ குமாரி ஆனதுபோல. கூட்டிப் பாருங்கள்: இலக்குமி. இலக்குவனும் இந்த வழியில் வந்தவன்தான்.

எனவே இலக்கணப்படி கேட்டால் விடை இலக்குமி. ஆனால் இலக்கணம் ஒரு வழியைத்தான் காட்டுகிறது. வாய்ப்பேச்சு வேறு வழிகளில் போயிருக்கிறது. அதை நாளை எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

வேர்ச்சொல்

ஐயா சொன்னது அருமை. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரைச் சுற்றி இவ்வளவு மயக்கம் வருவதே, தமிழில் இல்லாத ஒலிகளை நாம் சுமப்பதால்தான். வள்ளுவர் அவளைப் பாடும்போது லட்சுமி என்றா பாடினார்? செய்யாள் என்றார், செய்யவள் என்றார், தாமரையினாள் என்றார். முதல் இரண்டுக்கும் சிவந்தவள் என்று பொருள். 167ஆம் குறளில் செய்யவளும் அவளுடைய தவ்வையும், அதாவது அக்காள் மூதேவியும், சேர்ந்தே வருகிறார்கள். திருமகள், மலர்மகள், அலைமகள் என்று நம்மிடம் எத்தனை பெயர்! அக்கா, குழந்தைக்குத் திருமகள் என்று வையுங்கள். எழுத்தில் குழப்பமே வராது.

அப்புறம் இன்னொன்று. இலக்கு என்பதே தமிழ் வேர்ச்சொல் என்று, சொல்லாராய்ச்சி அறிஞர் பாவாணர் வழியில் சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் இலக்குமியும் நம் சொல்தானே?

பூங்கொடி_புதுகை

வேர்ச்சொல் தம்பி, திருமகள் அழகான பெயர்தான். ஆனால் எனக்கு அப்பத்தா பெயர் வேண்டும். அப்பத்தாவை யாரும் திருமகள் என்று கூப்பிட்டதில்லை. வயலில் நாற்று நடும்போது வரப்பிலிருந்து "லெச்சுமீ..." என்று நீட்டிக் கூப்பிடுவார்களாம். அவருக்குத் தெரிந்த தன் பெயர் அதுதான்.

பழஞ்சுவடி

வேர்ச்சொல் தம்பிக்கு: இலக்கு பற்றி இரண்டு கட்சியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக அகராதி அதை வடசொல் என்கிறது, பாவாணர் தமிழ் என்றார். அந்த வாதம் பெரியது. ஆனால் இந்தப் பெயர் நமக்கு வந்த வடிவங்கள் எல்லாம் க்ஷ என்ற கூட்டெழுத்தை வெவ்வேறு விதமாக உடைத்த வடிவங்கள். உடைந்த துண்டுகளைப் பார்த்தால் முழுப் பானை எது என்று தெரியும். அதனால் பெயர் வடமொழி வழி வந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நீங்கள் காட்டிய குறள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அதர்வ வேதத்தின் நல்ல லக்ஷ்மீ, கெட்ட லக்ஷ்மீ போலவே, வள்ளுவரிடம் செய்யவளும் தவ்வையும் ஒரு வீட்டுப் பெண்களாக நிற்கிறார்கள்.

சரி, நேற்று விட்ட இடத்துக்கு வருகிறேன். க்ஷ தமிழில் மூன்று விதமாக உடைந்தது.

முதலாவது க்க. இது பழைய வழி. பாலி மொழியிலும் "லக்கீ" என்றே இருக்கிறது. வங்காளிகள் இன்றும் லக்ஷ்மீ என்று எழுதிவிட்டு "லொக்கி" என்று வாசிக்கிறார்கள். அங்கே சமர்த்துக் குழந்தையையும் லொக்கி என்றுதான் கொஞ்சுவார்கள்.

இரண்டாவது ச்ச. வடக்கே மக்கள் பேசிய பழைய மொழியான பிராகிருதத்தில் "லச்சீ". கரிசல் சொன்ன தெலுங்கு லச்சியும், நம் பேச்சில் உள்ள லச்சுமியும், மீனாக்ஷியை மீனாச்சி என்று மதுரைப் பக்கம் கூப்பிடுவதும் இந்த ஒலிப்பு வழியில் வருகின்றன.

மூன்றாவது ட்ச. ஷ என்பது நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி. முன்னால் நிற்கும் ககர மெய்யையும் அது தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ள, நம் காதுக்கு அது ட் என்று கேட்டது. பட்சி, அட்சரம், காமாட்சி, லட்சுமி எல்லாம் அப்படி.

ஒரே சொல் இரண்டு தடவை, இரண்டு வழியில் தமிழுக்குள் வந்து இரண்டு பொருளோடு தங்கிவிட்டதும் உண்டு. லக்ஷணம் என்பது இலக்கணமும் ஆனது, லட்சணமும் ஆனது. லக்ஷ்யம் இலக்கியமும் ஆனது, லட்சியமும் ஆனது. பெண் லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்லும்போதும், இலக்கண வகுப்பு என்று சொல்லும்போதும் நாம் சொல்வது ஒரே சொல்லைத்தான். இலக்குமியும் லட்சுமியும் அதைப் போன்ற இரட்டை. பொருள் மட்டும் பிரியவில்லை.

அம்மா பூங்கொடி, உங்கள் அப்பத்தாவின் "ச்சு" பிழை இல்லை. பிராகிருதம் பேசியவர்கள் வாயில் வந்த அதே ஒலிதான் அவர் வாயிலும் வந்தது. ஆனால் "லெ" எப்படி வந்தது என்பதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார்.

நாஞ்சில்காரன்

ஐயா என்னைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் ஆங்கிலத்தில் இந்தப் பெயரை எல், இ, கே, எஸ், எச், எம், ஐ என்று "இ" போட்டு எழுதுவார்கள். திருவனந்தபுரம் பக்கமும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்துவார்கள். என் தங்கைக்குக் கல்லூரிச் சான்றிதழில் அப்படி ஒருவர் "திருத்தி"விட்டார். பழைய எழுத்துக்கு மாற்ற ஒன்றரை வருஷம் அலைந்தாள்.

தப்பே இல்லை. இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, வாயால் சொல்லிப் பாருங்கள். கங்கை கெங்கை ஆகிறது. ஜபம் ஜெபம், ஜன்மம் ஜென்மம். தண்டம் தெண்டம். பலம் பெலம். யமன் எமன். ரங்கன் ரெங்கன். லட்சுமி லெட்சுமி.

இப்போது இதைப் பாருங்கள்: கமலம் ஒருநாளும் கெமலம் ஆவதில்லை. சங்கரன் செங்கரன் ஆவதில்லை. பங்கஜம் பெங்கஜம் ஆவதில்லை. ஏன்? மேலே சொன்ன கங்கை, ஜபம், தண்டம், பலம் எல்லாம் வடமொழியில் தொண்டை அதிர அழுத்திச் சொல்லும் எழுத்தில் தொடங்குபவை. ய, ர, ல மூன்றும் அந்தக் கூட்டம்தான். அந்த எழுத்துக்குப் பின்னால் வரும் அகரம் நம் வாயில் எகரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். தொண்டை அதிராமல் ஒலிக்கும் க, ச, ப-வுக்குப் பின்னால் சாயாது. எந்த இலக்கணமும் படிக்காத ஒருவர் எந்தச் சொல்லில் சாய வேண்டும், எந்தச் சொல்லில் கூடாது என்று பிசகாமல் பேசுகிறார். தமிழில் ga-வுக்கும் ka-வுக்கும் தனி எழுத்தே இல்லாதபோது, காது மட்டும் அந்த வேறுபாட்டை நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

தஞ்சாவூர், செட்டிநாடு, திருநெல்வேலி எங்கும் லெட்சுமணனும் லெட்சுமியும் உண்டு. உங்கள் புதுக்கோட்டையில் இருப்பதில் வியப்பில்லை.

பூங்கொடி_புதுகை

நாஞ்சில் அண்ணா, இதைப் படித்துவிட்டு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெயரே ரெங்கனில்தான் தொடங்குகிறது! பிறந்ததிலிருந்து "ரெ" போட்டுத்தான் எழுதுகிறார். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அப்ப நான் மட்டும் சரியா?" என்று கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் பெயரும் இதேதான். அடையாள அட்டையில் எல், இ, டி, சி, எச், யு, எம், ஐ. இங்கே இந்த எழுத்துக்கூட்டு மிகச் சாதாரணம். ஒரு வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

சின்ன வயதில் எனக்கு இது வெட்கமாக இருந்தது. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் "இது என்ன எழுத்து" என்பார்கள். தோட்டத்துக் கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, தமிழ் தெரியாது, பெயரைக் கொலை செய்துவிட்டான் என்று அப்பா சொல்வார். இப்போது இந்த இழையைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. கிராணி கொலை செய்யவில்லை. பாட்டி "லெச்சுமி" என்று சொல்லியிருக்கிறார், அந்த ஆள் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். "லெ"யும் இருக்கிறது, "ச்சு"வும் இருக்கிறது. பாட்டி குரலின் ஒலிப்பதிவு மாதிரி அல்லவா அது?

மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா பக்கம் எல், யு, டி, சி, எச், எம், இ, இ என்று எழுதுகிறார்கள். மதராஸிலிருந்து முதல் கப்பல் 1860 நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த ஊர்க் குமாஸ்தாக்களும் காதால் கேட்டதைத்தான் எழுதினார்கள். அதிலும் "ச்" இருக்கிறது, க்ஷ இல்லை. போனவர்கள் தம் பெயரை லக்ஷ்மி என்று சொல்லவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழஞ்சுவடி

கிள்ளான்வாசி, கண் கலங்கிவிட்டது ஐயா. பெரிய விஷயம் சொன்னீர்கள்.

எழுத்துரு

நான் மென்பொருள் வேலை செய்பவன். நடைமுறைச் சிக்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், குழந்தைக்குப் பிற்பாடு உதவும்.

லக்ஷ்மி என்று க்ஷ போட்டு எழுத நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு என்ற குறியீட்டில் க்ஷ என்று தனி எழுத்து கிடையாது. க, புள்ளி, ஷ மூன்றையும் சேர்த்து எழுத்துருதான் அதை ஒன்றாகக் காட்டுகிறது. சிலர் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பானைப் போட்டு, க் தனியாகவும் ஷ தனியாகவும் தெரியும்படி அச்சிடுகிறார்கள். மனிதர் இரண்டையும் ஒன்றாகத்தான் வாசிப்பார். ஆனால் தேடும் நிரல் பல இடங்களில் இரண்டையும் வேறு பெயராக எடுத்துக்கொள்ளும்.

ஸ்ரீலக்ஷ்மி என்றால் சிக்கல் இரட்டிப்பு. ஸ்ரீ-யை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி தெரியும். ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005இல். அதற்கு முன் தட்டச்சு செய்த பதிவும் பின்னால் செய்த பதிவும் திரையில் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். ஒரு மருத்துவமனையின் பதிவேட்டைச் சரிசெய்தபோது, ஒரே பெண்மணி மூன்று நோயாளிகளாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவருடைய பழைய எக்ஸ்ரே ஒரு பெயரில், மாத்திரைச் சீட்டு இன்னொரு பெயரில். மருத்துவர் கேட்டபோதெல்லாம் பழைய பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இ போடுவதா வேண்டாமா என்பதும் சின்ன விஷயம் இல்லை. அகர வரிசையில் இலட்சுமி "இ"யில் போய் உட்காருவார், லட்சுமி "ல"வில். நாளை உங்கள் மகளின் பிள்ளைகள் அம்மா பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட நினைத்தால், "இ." போடுவதா "ல." போடுவதா என்று அங்கேயும் இதே கேள்வி வரும். எந்த எழுத்தை எடுத்தாலும் அதைக் கடைசிவரை மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேர்ச்சொல்

எழுத்துரு சொன்னதை ஒட்டி ஒரு கேள்வி. தனியாக வரும்போது இலட்சுமி என்று எழுதுபவர்கள்கூட முத்துலட்சுமி, சுப்புலட்சுமி, விஜயலட்சுமி என்றுதானே எழுதுகிறார்கள்? அங்கே இகரம் எங்கே போயிற்று?

பழஞ்சுவடி

நல்ல கேள்வி தம்பி. லகரம் முதலில் வரக் கூடாது என்பதுதான் விதி, நடுவில் வரலாம். முத்து என்பது முன்னால் வந்துவிட்டால் லகரம் நடுவெழுத்து ஆகிவிடுகிறது, இகரத்துக்கு வேலை இல்லை. இலக்குமி என்ற முழுச்சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் குற்றியலுகரம் கெட்டு முத்திலக்குமி ஆகும். அப்படி எழுதிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எம். எஸ். சுப்புலட்சுமியோ மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியோ நம் மனசில் அப்படியே பதிந்துவிட்டார்கள்.

கரிசல்

தங்கச்சி, ஒரு விஷயம். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆனால் சேர்த்த பெயரை மாற்றுவது லேசில் முடியாது. அதனால் அவசரப்படாதீர்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று இரண்டையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்குப் பட்டதை அடித்துவிடுவார்.

பூங்கொடி_புதுகை

ஒரு வாரமாக வர முடியவில்லை, குழந்தைக்குச் சளி. இப்போது பரவாயில்லை.

இதற்கிடையில் அத்தை வீட்டுப் பரணிலிருந்து அப்பத்தாவின் அறிவொளி நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நாற்பது பக்க நோட்டு. அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது. அதில் ஒரு பக்கத்தின் மேலே, சொல்லிக் கொடுத்த தொண்டர் நீல மையில் லட்சுமி என்று பெரிதாக எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து அப்பத்தா பென்சிலில் நாலு வரி லட்சுமி என்று எழுதியிருக்கிறார். எழுத்து நடுங்குகிறது, ட-வின் கோடு ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது.

ஐந்தாவது வரியில் லெச்சுமி. அங்கிருந்து பக்கத்தின் கடைசிவரை லெச்சுமிதான். அந்த வரிகளில் நடுக்கம் குறைவு. பக்கத்தில் தொண்டர் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு லட்சுமி என்று திருத்தியிருக்கிறார். அடுத்த பக்கத்திலும் அப்பத்தா லெச்சுமி என்றே எழுதியிருக்கிறார்.

அத்தையிடம் கேட்டேன். அந்தத் தொண்டர் "பாட்டி, இது தப்பு" என்று சொன்னாராம். அப்பத்தா, "எம்பேரு எனக்குத் தெரியாதா தாயி? ஒரு எழுத்தச் சொல்லிக் குடு, பேர நான் எழுதிக்கிறேன்" என்றாராம். எழுத்தைக் கற்றுக்கொண்டு, எழுதிக் கொடுத்ததைப் பார்த்து நாலு தடவை எழுதிவிட்டு, அது தன் பெயர்போல ஒலிக்கவில்லை என்று கண்டுபிடித்து, தனக்குக் கேட்கிறபடி தானே எழுதியிருக்கிறார். அதைத்தான் நாங்கள் இத்தனை நாளாகப் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நோட்டை அண்ணன் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

நேற்று பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். கரிசல் அக்கா சொன்னபடி தாளில் எழுதிக்கொண்டு போனேன். தமிழில் லெச்சுமி. கணினி முன்னால் இருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "லட்சுமின்னு போட்டுரவா?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அண்ணன், "இல்லம்மா, எழுதியிருக்கிறபடியே போடுங்க" என்றார். ஆங்கிலத்தில் கிள்ளான்வாசி அண்ணா எழுதியதைப் பார்த்துக் கொடுத்தோம்: எல், இ, டி, சி, எச், யு, எம், ஐ.

கிள்ளான்வாசி

எங்கள் பாட்டியின் அட்டையில் இருக்கும் அதே எட்டு எழுத்து. தங்கச்சி, இன்றைக்கு அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். குழந்தையின் படம் ஒன்று அனுப்பச் சொல்கிறார்.